சூப்பர் ஹீரோ படம் வருவதற்கு முன்னால் ரசிகர்கள் ஏன் இப்படிக் கிடந்து தவிக்கிறார்கள்?

"கடைசியில் நல்லவன்தான் ஜெயிக்கப் போகிறான், கொஞ்ச நாளில் ஓடிடியிலும் வந்துவிடும், இதற்கு ஏன் ஒரு வருஷமாகக் குதிக்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். 2019ல் மார்வெல் கம்பெனியின் எண்ட்கேம் படத்துக்கு நாங்கள் காத்திருந்தபோது எங்கள் அம்மாவும் இதையேதான் கேட்டார், உங்களைவிடக் கொஞ்சம் காட்டமாக. அப்போது சரியான பதில் வாயில் வரவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

நான் கோத்தகிரிப் பக்கம். வீட்டில் கொஞ்சம் தேயிலை உண்டு. எங்களுக்குப் புதுப்படம் என்றால் கீழே இறங்க வேண்டும், அதாவது மேட்டுப்பாளையம், இல்லாவிட்டால் கோவை. ஊட்டியில் அசெம்பிளி ரூம்ஸ் இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், இங்கிலீஷ் படம் பார்க்க எங்கள் அப்பா தலைமுறை அங்கேதான் போனது. ஆனால் எங்கள் பையன்களுக்குப் பெரிய திரை, த்ரீடி, பாப்கார்ன் எல்லாம் வேண்டும், அதற்குக் கோவைதான். மலையிலிருந்து ஒரு படத்துக்குப் போவது என்றால் வண்டி, லீவு, வீட்டில் அனுமதி, திரும்பி வரும் வழி என்று ஒரு கல்யாணத்துக்குப் போகிற ஏற்பாடு. அதனாலேயே நாங்கள் எல்லாப் படத்துக்கும் போவதில்லை, போகிற படத்தைப் பல மாதம் முன்னாலேயே முடிவு செய்துவிடுவோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2018 ஏப்ரல் 27ல் அதற்கு முந்தைய பாகமான இன்ஃபினிட்டி வார் வந்தது, அவெஞ்சர்ஸ் என்ற சூப்பர் ஹீரோ கூட்டத்தின் படம். வில்லன் தானோஸ் விரலைச் சொடுக்குகிறான், உலகத்தில் பாதிப் பேர் தூசியாகிப் போகிறார்கள், நம் ஆட்கள் தோற்றுவிட்டார்கள், படம் முடிந்தது. வழக்கமாகக் கடைசியில் நாயகன் மீண்டும் வருவான் என்று எழுத்துப் போடுவார்கள். இதில் தானோஸ் மீண்டும் வருவான் என்று போட்டார்கள். தமிழ்ப் படத்தில் வில்லன் இப்படி ஜெயித்து, வயலைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தால் தியேட்டர் ஸ்கிரீன் மிஞ்சியிருக்காது. அப்படி விட்டுவிட்டு, மீதிக் கதைக்கு ஒரு வருஷம் பொறுங்கள் என்றார்கள்.

நீங்கள் சொல்வது போல, செத்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதில் ரகசியமே இல்லை. அந்த மீதிக் கதையான எண்ட்கேம் வருவதற்கு மூன்று மாதத்துக்கு மேல் இருக்கும்போதே, 2019 ஜனவரியில், அடுத்த ஸ்பைடர் மேன் படத்தின் டிரெய்லரை விட்டுவிட்டார்கள். தூசியாகிப் போன பையன் அதில் ஐரோப்பா சுற்றிக்கொண்டிருந்தான்! அப்புறம் என்ன சஸ்பென்ஸ் என்று கேட்டால், அவன் திரும்பி வருவதற்கு யார் என்ன விலை கொடுக்கப் போகிறார்கள் என்பதுதான். கேப்டன் அமெரிக்காவாக நடித்த கிறிஸ் எவன்ஸ் 2018 அக்டோபரில் படப்பிடிப்பு முடிந்ததும் ட்விட்டரில் நன்றி சொல்லி உருக்கமாக எழுதினார். அதைப் படித்த அன்றே எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் கேப்டனுக்குப் பால் ஊற்றிவிட்டார்கள். மீதிப் பேர் அயர்ன் மேன் என்றார்கள். முடிவு தெரியும், விலை தெரியாது. என் கணக்கில் தவிப்பு முழுக்க அந்த இடைவெளியில்தான் இருந்தது. எதுவுமே தெரியாத கதைக்கு யாரும் இப்படிக் காத்திருக்க மாட்டார்கள், எல்லாம் தெரிந்த கதைக்கும் மாட்டார்கள்.

எங்கள் ஊரில் மாலையில் இலை வண்டி வரும் வரை, எடை போடும் ஷெட்டில் சாக்குகள் மேல் உட்கார்ந்துதான் இந்த ஆராய்ச்சி எல்லாம் நடக்கும். எறும்பு அளவுக்குச் சின்னதாகும் ஆன்ட்-மேன், நேரம் வேறு மாதிரி ஓடும் குவாண்டம் உலகத்தில் மாட்டிக்கொண்டதோடு அவன் படம் முடிந்திருந்தது, டிரெய்லரில் அவன் அவெஞ்சர்ஸ் வாசலில் வந்து நிற்கிறான், அப்படியானால் காலப் பயணம்தான் என்று ஒரு கட்சி. மந்திரவாதி டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் 1,40,00,605 எதிர்காலத்தைப் பார்த்துவிட்டு அதில் ஒன்றில் மட்டும் ஜெயிக்கிறோம் என்று சொன்னாரே, பிறகு ஏன் அயர்ன் மேன் உயிருக்குப் பதிலாகக் காலத்தைக் கட்டுப்படுத்தும் கல்லைத் தானோஸிடம் தூக்கிக் கொடுத்தார், ஆக அயர்ன் மேன் உயிரோடு இருப்பதுதான் திட்டம் என்று இன்னொரு கட்சி. ஆன்ட்-மேன் சின்னதாகித் தானோஸ் உடம்புக்குள் புகுந்து பெரிதாகி வெடிக்க வைப்பான் என்று உலகம் முழுக்கச் சுற்றிய கதை எங்கள் ஷெட்டுக்கும் வந்தது, எந்த வழியாகப் புகுவான் என்பதை இங்கே எழுத முடியாது. இதையெல்லாம் தினமும் காதில் வாங்கிக்கொண்டு தராசைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், ஒருநாள் தலையைத் தூக்காமலே கேட்டார்: "அழிச்சதுதான் அழிச்சான், இலைக்கு வெலை கொறைக்கிறவனுங்களா பாத்து அழிச்சிருக்கக் கூடாதா?" அதற்கு எந்தக் கட்சியிடமும் பதில் இல்லை.

இன்னொன்றைக் கவனித்தேன். ரஜினி படத்துக்கோ விஜய் படத்துக்கோ காத்திருப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அங்கே ஆளுக்காகக் காத்திருக்கிறோம், கதை அப்புறம். கட்அவுட், பாலாபிஷேகம், மன்றம், மாவட்டப் பொறுப்பாளர், அவர் கையில் கொஞ்சம் டிக்கெட் என்று அதற்கு ஒரு நிர்வாகமே உண்டு. அயர்ன் மேனுக்கு எங்கள் பஸ் ஸ்டாண்டில் யாரும் பேனர் கட்டவில்லை. அயர்ன் மேனாக நடித்த டவுனி ஜூனியர் பிறந்தநாளுக்கு யாரும் அன்னதானம் போடவில்லை. 2008ல் முதல் அயர்ன் மேன், எண்ட்கேம் இருபத்திரண்டாவது படம், நடுவில் உள்ளதை எல்லாம் டிவியில் தமிழிலும் யாரோ கொடுத்த பென் டிரைவிலும் பார்த்து வளர்ந்த பையன்களிடம் இருந்தது அந்தக் கதை மட்டும்தான். முந்தைய படத்தில் பார்த்ததை ஞாபகம் வைத்திருப்பதே அவர்களுக்கு ஒரு பெருமை. ஏழாவது படத்தில் ஓரமாக வந்த ஒரு பெட்டியைப் பற்றி அரை மணி நேரம் பேசுவான், இயற்பியல் பாடத்தில் ஒரு சூத்திரம் கேட்டால் முழிப்பான்.

தமிழ் டப்பிங்கால் ஒரு சண்டையும் வந்தது. எண்ட்கேமின் தமிழ் வசனத்தை ஏ.ஆர்.முருகதாஸ் எழுதினார், அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல், பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா. விளம்பரத்துக்கு நல்ல யோசனைதான், புதிதாகச் சிலரை உள்ளே இழுத்திருக்கும். ஆனால் பத்து வருஷமாக ஒரே குரலில் அயர்ன் மேனைக் கேட்டு வளர்ந்தவனுக்குக் கடைசிப் பந்தியில் குரலை மாற்றினால் எப்படி இருக்கும்? என் சித்தி பையன், அப்போது பத்தாவது எழுதிவிட்டு இருந்தான், விஜய் சேதுபதியின் தீவிர ரசிகன், அவனே, "அண்ணா, எனக்கு அவரு வேணும், ஆனா இங்க வேணாம்ணா" என்றான். ஆகவே இங்கிலீஷில் பார்ப்பது என்று முடிவாயிற்று. புரியாததை நான் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஏ.ஆர்.ரகுமான் போட்ட மார்வெல் பாட்டு ஒன்றும் வந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஏப்ரலே ஒரு மாதிரி. 18ஆம் தேதி மக்களவைத் தேர்தல் ஓட்டு, 19 பிளஸ் டூ ரிசல்ட், 26 எண்ட்கேம், 29 பத்தாவது ரிசல்ட். தம்பி இந்தக் காலண்டரைப் பார்த்துவிட்டு ஒரே வரியில் முடிவைச் சொன்னான்: படத்தை முதல் நாளே பார்த்தாக வேண்டும், 29க்குப் பிறகு வீட்டில் விடுவார்களா என்பது அவன் கையில் இல்லை. தானோஸைவிட அவனுக்கு அறிவியல் பேப்பர்தான் பயம். உண்மையான எண்ட்கேம் அதுதான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம், அவன் சிரிக்கவில்லை.

டிக்கெட் எடுத்தது தனிக் கூத்து. எங்கள் வீட்டில் அப்போது நெட் சரியாக வராது, கோயிலுக்கு மேலே உள்ள மேட்டில் ஏறினால் கொஞ்சம் வரும், பனிமூட்டம் இறங்கிவிட்டால் அங்கே நிற்பதும் கஷ்டம். முன்பதிவு திறந்த அன்று ஆளுக்கொரு போனோடு அங்கே நின்றோம். சீட்டைத் தொட்டால் சுற்றும், சுற்றி முடித்தால் அந்தச் சீட்டு போயிருக்கும். ஒரு நாளும் சொச்ச நேரமும் ஆவதற்குள் இந்தியாவில் பத்து லட்சம் டிக்கெட் விற்றதாகப் புக்மைஷோ பிற்பாடு சொன்னது, அதில் நாங்கள் நழுவவிட்டது எத்தனையோ. கடைசியில் முன்னாலிருந்து இரண்டாவது வரிசை கிடைத்தது. மூன்று மணி நேரம் ஒரு நிமிஷம் ஓடும் படத்தைக் கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதற்குள் இன்னொரு பயம். ஏப்ரல் நடுவில் படத்தின் சில துண்டுகள் நெட்டில் கசிந்துவிட்டன. இயக்குநர்கள் ரூஸோ சகோதரர்கள், கதையை வெளியே சொல்லாதீர்கள் என்று ரசிகர்களுக்குக் கடிதமே போட்டார்கள். சீனாவில் 24ஆம் தேதியே படம் வந்துவிட்டது, நமக்கு இரண்டு நாள் கழித்து. இந்த இரண்டு நாளும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் குட்மார்னிங் தவிர எதுவும் போடக்கூடாது என்று சட்டம். யூடியூப் தொடக்கூடாது. அப்படி ஒரு பயம் ஏன் என்று அம்மா கேட்டார். யாராவது கதையைச் சொன்னால் என்ன, படம் மாறிவிடுமா என்றார். மாறாதுதான். ஆனால் ஒரு வருஷமாக ஷெட்டில் உட்கார்ந்து போட்ட கணக்குக்கு விடையை எவனோ ஒருவன் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனால் வயிறு எரியாதா?

26ஆம் தேதி விடிவதற்கு முன்னாலேயே நண்பனின் ஆம்னியில் நெருக்கியடித்துக் கிளம்பினோம். அரவேணு தாண்டி, குஞ்சப்பனை வருகிற இடத்தில் ஒரு காய்கறி லாரி நடுரோட்டில் லைட்டை அணைத்து நிற்கிறது. லாரி டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை மட்டும் நீட்டி, ஹாரன் அடிக்காதே என்று சைகை காட்டினார். முன்னால் ஒரு யானையும் குட்டியும். அந்தப் பக்கத்தில் பலாக் காய்க்கும் காலத்தில் இது சகஜம், பெரிய யானை ரோட்டோர மண்ணைக் காலால் கிளறிக்கொண்டு, குட்டி அதன் வயிற்றுக்குக் கீழேயே ஒட்டிக்கொண்டு, இரண்டும் எந்த அவசரமும் இல்லாமல் நின்றன. வண்டிக்குள் ஒருவர் மூச்சு இன்னொருவருக்குக் கேட்கிறது. தம்பி என் காதருகே வந்து, "அண்ணா, மார்வெல் லோகோ போயிடும்ணா" என்றான். யானையிடம் போய்ச் சொல் என்றேன். அதுவாக மனசு வைத்துச் சரிவில் இறங்கிய பிறகுதான் லாரி நகர்ந்தது. அப்புறம் காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் எல்லாம் எப்படிக் கடந்தோம் என்று ஓட்டியவனைத்தான் கேட்க வேண்டும். விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே நுழைந்துவிட்டோம்.

படம் ஆரம்பித்துச் சுமார் இருபது நிமிஷத்திலேயே அவெஞ்சர்ஸில் ஒருவனான தோர் தானோஸின் தலையை வெட்டிவிடுகிறான். அதோடு, ஐந்து வருஷம் கழித்து என்று போடுகிறார்கள். தியேட்டரில் அத்தனை பேரும் திகைத்துப் போய்விட்டார்கள். ஷெட்டில் போட்ட கணக்கெல்லாம் தானோஸை எப்படித் தோற்கடிப்பார்கள் என்பதுதானே, அதை ஆரம்பத்திலேயே தூக்கிப் போட்டுவிட்டு, இனிமேல்தான் கதை என்கிறார்கள். டிரெய்லரில் காட்டியதில் பெரும்பகுதி இந்த ஆரம்பத்திலிருந்துதான் எடுத்திருந்தார்கள். இன்ஃபினிட்டி வார் டிரெய்லரில் வகாண்டா நாட்டுச் சண்டையில் பச்சை அசுரன் ஹல்க் ஓடி வருவதாகக் காட்டினார்களே, படத்தில் அப்படி ஒரு காட்சியே கிடையாது, அது சுத்தமான ஏமாற்று. இங்கே செய்தது வேறு, உள்ளதை மறைத்து வைத்தார்கள். காத்திருந்தவனுக்கு இதைவிட மரியாதை செய்ய முடியாது என்று நினைக்கிறேன்.

இப்போது அதே வரிசையின் அவெஞ்சர்ஸ் படமான டூம்ஸ்டேவைப் பற்றி. 2024 ஜூலையில் அமெரிக்காவின் சான் டியாகோ காமிக்-கான் விழா மேடையில் டவுனி ஜூனியர் முகமூடியைக் கழற்றிக் காட்டி, இந்தத் தடவை வில்லன் டாக்டர் டூம் என்று அறிவித்தார்கள். 2025 மார்ச்சில் நடிகர்களின் பெயர் எழுதிய நாற்காலிகளை ஒவ்வொன்றாக ஐந்து மணி நேரத்துக்கு மேல் நேரலையில் காட்டினார்கள், நானும் வேலையை விட்டுவிட்டு நாற்காலி பார்த்தவன்தான். 2026 மே என்று இருந்த தேதி டிசம்பர் 18க்குத் தள்ளிப்போனது. ஆனால் எனக்கு அந்தத் தவிப்பு வரவில்லை. யார் யார் வருகிறார்கள் என்று தெரிகிறது, அதற்கு விசில் அடிக்கலாம். எந்தக் கதை பாதியில் நிற்கிறது, யாருடைய உயிர் தொங்குகிறது என்று கேட்டால் உடனே சொல்லத் தெரியவில்லை. நடுவில் வந்த படங்களும் தொடர்களும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டன. பெயர்ப் பட்டியலை வைத்து ஷெட்டில் ஒரு வாரம் பேசலாம், ஒரு வருஷம் பேச முடியாது. ரசிகர்கள் மாறிவிட்டார்கள், எல்லாரும் ரீல்ஸ் பார்க்கப் போய்விட்டார்கள் என்று சிலர் இங்கேயே பதில் எழுதியிருக்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாதியில் விட்ட ஒரு கதையைக் கையில் கொடுத்துப் பாருங்கள், அதே பையன்கள் அதே மேட்டில் ஏறி நிற்பார்கள்.

போவீர்களா என்று கேட்டால், போவேன். எதிரி வேஷத்தில் அதே முகத்தைப் பார்த்தால் கேப்டனுக்கும் தோருக்கும் எப்படி இருக்கும் என்ற ஒரு கேள்வி மட்டும் உள்ளே கொஞ்சம் அரிக்கிறது, அதை நன்றாக எழுதியிருந்தால் போதும். கோவையிலேயே இப்போது ஐமாக்ஸும் வந்துவிட்டது. தம்பி அங்கேதான் வேலையில் இருக்கிறான், பத்தாவதில் அறிவியலில் தப்பித்துவிட்டான். டிக்கெட் அவன் பொறுப்பு, முன் இரண்டு வரிசை மட்டும் வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.