பழைய பெட்ரோல் பிக்கப் டிரக் வாங்கினேன். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சில சமயம் எஞ்சின் திணறுகிறது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், ஃபியூல் பம்ப் என்று மூன்று பேர் மூன்று பாகத்தைச் சொல்கிறார்கள். எந்தப் பாகத்தை மாற்றுவது?

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். அவர்கள் சொன்ன மூன்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு ஒரு பழக்கம் உண்டு: எதை மாற்றினாலும் சில நாள் தலைகாட்டாது. சரியாகிவிட்டது என்று நம்பியிருக்கும்போது மறுபடி வந்து நிற்கும்.

திணறல் வரும் நேரத்தைக் குறித்து வையுங்கள். எஞ்சின் குளிர்ந்திருந்ததா, சூடேறியிருந்ததா? டாங்கில் எவ்வளவு பெட்ரோல்? மேடா, சமதளமா? மழையா? பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும். காலையில் எடுத்தவுடன் மட்டும் வந்தால், கூலன்ட் வெப்பநிலை சென்சாரையும் எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் பாதையில் கசிவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். டாங்க் காலியாகும் தறுவாயில் மேடு ஏறும்போது வந்தால், டாங்குக்குள் இருக்கும் பம்பையும் அதன் வடிகட்டியையும் பாருங்கள். ஈரத்தில் வந்தால் காயில், பிளக் வயர். நன்றாகச் சூடேறிய பிறகே வந்து, ஆறியதும் மறைந்தால் எஞ்சின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மீது எனக்குச் சந்தேகம் வரும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் ஒரு கணம் பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும்.

திணறும் விதமும் பேசும். பெட்ரோல் போதாமல் போனால் இழுவை மெல்ல மெல்லத் தளரும். தீப்பொறி தவறினால் வெடுக்கென்று வெட்டும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சீரான வேகத்தில் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்துச் செல்லும்போது குலுங்கினால், பின்னால் வண்டி இல்லாத சாலையில், ஆக்சிலரேட்டரை விடாமல் பிரேக் பெடலை மெல்லத் தொடுங்கள். குலுக்கல் சட்டென்று நின்றால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் லாக்கப் கிளட்சைத்தான் முதலில் ஆராய வேண்டும். இதை எஞ்சின் கோளாறு என்று எண்ணிக் காயில்களை மாற்றுகிறவர்கள் நிறைய.

விளக்கு எரியவில்லை என்பதால் வண்டியின் கணினியில் ஒன்றும் பதிவாகவில்லை என்று எண்ண வேண்டாம். வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி 2 ஸ்கேனரை மாட்டினால், விளக்கை எரிய வைக்கும் அளவுக்கு இன்னும் உறுதியாகாத, நிலுவையில் உள்ள 'கோடுகள்', அதாவது கோளாறுக் குறியீடுகள், கிடைக்கலாம். பழைய வண்டி என்பதால் கணினியின் சுயபரிசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் 'ரெடினஸ்' பக்கத்தையும் ஸ்கேனரில் திறந்து பாருங்கள். சுயபரிசோதனைகள் பலவும் முடியாமல் இருந்தால், அண்மையில் யாரோ கோடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம்.

அடுத்தது ஃபியூல் டிரிம்: கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று ஸ்கேனர் காட்டும் எண். எனக்கு இதைவிட உதவிய எண் வேறில்லை. பூஜ்யத்தை ஒட்டி இருப்பது நல்லது. கூட்டல் பக்கம் 10 சதவீதத்தைத் தாண்டி நின்றால், கலவையில் பெட்ரோல் குறைவதாகக் கருதி கணினி கூடுதலாக ஊற்றுகிறது என்று பொருள். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது, அதிகமாக இருந்து, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் பெரும்பாலும் வேக்குவம் கசிவு, அதாவது இன்டேக்கில் காற்று கசிவது. மாறாக, பாரத்தோடு போகும்போது ஏறினால் பெட்ரோல் அழுத்தம் போதவில்லை, அல்லது காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்கு. அந்தச் சென்சாரை அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியில் விரலோ துணியோ படக் கூடாது.

இவை எல்லாமே சரியாக இருந்தால் வயரிங். நான் வைத்திருந்த பிக்கப்பில் எல்லாச் சென்சாரும் நன்றாகவே இருந்தன. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்குப் போகும் வயர்க்கட்டைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப் ஒன்று உடைந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் குறையே தெரியாது. வயர்க்கட்டைப் புரட்டினால், இரும்புப் பட்டையில் உரசி உரசி நகத்தின் அகலத்துக்கு உறை தேய்ந்து, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் எஞ்சின் லேசாகச் சாயும். அந்தச் சாய்வில்தான் வயர் பட்டையைத் தொட்டது. ஆகவே எஞ்சினை ஓடவிட்டு, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் கையைக் கொடுக்காமல், கனெக்டர்களையும் வயர்களையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையையும் விட்டுவிடாதீர்கள்.

ஃபியூல் பிரஷரை நின்ற இடத்தில் அளந்துவிட்டு "பம்ப் நன்றாக இருக்கிறது" என்று மெக்கானிக் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். களைத்த பம்ப் ஐடிலில் சரியான அளவையே காட்டும். மேட்டில் பாரத்தோடு ஓடும்போதுதான் முள் இறங்கும். ஓட்டி அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் காட்டும் கேஜ் முன்கண்ணாடிக்கு வெளியேதான் இருக்க வேண்டும், பெட்ரோல் குழாய் கேபினுக்குள் வரவே கூடாது.

ஐடிலிலும், 2500 ஆர்பிஎம்மிலும், திணறும் நேரத்திலும் டிரிம் எண்கள் எவ்வளவு என்று எழுதுங்கள். எந்தப் பக்கம் தேடுவது என்று சொல்கிறேன். அதுவரை இந்த வண்டியில் யாரையும் முந்த வேண்டாம்.