சாலமோனின் பெயர் எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

விவிலியத்தில் இடம்பெறாத ‘சாலமோனின் சங்கீதங்கள்’ என்ற 18 பாடல்களைப் படித்தேன். சாலமோன் கிமு 10ஆம் நூற்றாண்டு அரசர். பாடல்களோ ரோமானியர் எருசலேமைப் பிடித்ததைப் பேசுகின்றன. அப்படியானால் இது போலிதானே? கடவுளை நோக்கிப் பாடியவர்கள் பொய்ப் பெயரில் பாடுவார்களா?

ஸ்டீபன்

அன்புள்ள ஸ்டீபன்,

காலத்தைச் சரியாகவே கணித்திருக்கிறீர்கள். இரண்டாம் பாடலில் ஒருவன் இடிகருவியால் மதிலைத் தகர்க்கிறான். அந்நியர் செருப்புக் காலோடு பலிபீடத்தில் ஏறுகிறார்கள். பிறகு அவன் எகிப்தில் குத்துப்பட்டுச் சாகிறான். அடக்கம் செய்ய ஆளில்லாமல் உடல் அலையில் மிதக்கிறது. கிமு 63இல் எருசலேமைப் பிடித்து, 48இல் எகிப்துக் கரையில் கொல்லப்பட்ட ரோமத் தளபதி பாம்பேயஸ்தான் இவன். ஆகவே இந்தப் பாடல் 48க்குப் பிந்தியது.

போலி என்று முடிவு செய்வதற்கு முன் தலைப்புகளை ஒரு தாளால் மறைத்துவிட்டு 18 பாடல்களையும் மறுபடி படியுங்கள். சாலமோன் எங்கும் இருக்க மாட்டார். பாடல் வரிகளுக்குள் அவர் பெயர் ஒருமுறைகூட வருவதில்லை. முதல் பாடலுக்குத் தலைப்பே கிடையாது. 17ஆம் பாடல் சாலமோனின் தந்தையான தாவீது அரசரின் அரியணையைப் பாழாக்கியவர்களைக் கண்டித்து, தாவீதின் மகன் ஒருவன் அரசனாக வர வேண்டும் என்று மன்றாடுகிறது. அந்த அரியணையில் அடுத்து அமர்ந்தவரே சாலமோன்! அவர் குரலில் பேச நினைத்த கவிஞர் இப்படி எழுதியிருக்கவே முடியாது.

இதோடு ‘சாலமோனின் ஞானம்’ நூலை ஒப்பிடுங்கள். கிரேக்கத்தில் எழுதப்பட்ட அந்நூலின் 9ஆம் அதிகாரத்தில், ‘என்னை அரசனாக்கினீர், கோவில் கட்டச் சொன்னீர்’ என்ற பொருளில் ஒருவர் தன்னிலையில் வேண்டுகிறார். பெயர் சொல்லாமலே வேடம் முழுமையாக இருக்கிறது. புனைபெயர் என்று பேசுவதானால் அதைப் பற்றித்தான் பேச வேண்டும். நீங்கள் படித்த பாடல்களில் பெயர் மேலே ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஒட்டியவர் தொகுத்தவராகவோ படியெடுத்தவராகவோ இருக்கலாம் என்பது என் கணிப்பு.

ஏன் சாலமோன்? அவர் 1005 பாடல்கள் பாடியதாக விவிலியத்தில் 1 அரசர்கள் 4:32 சொல்கிறது. விவிலியத்தின் சங்கீத நூலில் அவர் பெயரில் இருப்பவையோ 72, 127 ஆகிய இரண்டே. மிச்சப் பாடல்கள் எங்கே என்று தேடிய மனம், 72இன் நீதியரசனைப் போன்ற ஒருவனை 17ஆம் பாடலில் கண்டதும் பெயரைப் பொருத்தியிருக்கும்.

தாவீதுக்கும் இதுதான் நடந்தது. எபிரேய சங்கீத நூலில் 73 பாடல்கள் அவர் பெயரில் உள்ளன. கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த எண்ணிக்கை கூடுகிறது. பாபிலோன் ஆற்றங்கரையில் அழுத 137ஆம் பாடலுக்குக்கூட கிரேக்கப் பிரதிகளில் தாவீதின் பெயர் இருக்கிறது. அவருக்கும் யூதர்கள் பாபிலோனில் சிறைப்பட்டிருந்த காலத்துக்கும் இடையே ஏறத்தாழ 400 ஆண்டுகள்! ஆனாலும் பாடலுக்குள் இருக்கும் பாபிலோனை யாரும் மாற்றவில்லை. சாக்கடல் அருகிலுள்ள கும்ரானின் 11ஆம் குகையில் 1956இல் கிடைத்த சங்கீதச் சுருள் இன்னும் மேலே போய், தாவீது இயற்றியவை மொத்தம் 4050 என்கிறது. அதில் ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக 364, ஓய்வுநாள்களுக்கு 52. அந்தச் சுருளைப் பயன்படுத்தியவர்களின் நாட்காட்டியில் ஆண்டுக்கு 364 நாள்தான். தங்கள் வழிபாட்டு ஆண்டு முழுவதையும் தாவீதின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

தலைப்பை மறைத்துப் படிக்கும்போது 2, 8, 17 என்ற வரிசையில் தொடங்குங்கள். நகரத் தலைவர்களே வாசலைத் திறந்துவிட்டு அந்நியனை வரவேற்றதை எட்டாம் பாடல் சொல்கிறது. 17இன் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது அப்போது விளங்கும்.