சாதுவாக இருந்த வீட்டுத் தேனீக்கள் திடீரென்று துரத்திக் கொட்டுகின்றன. என்ன செய்வது?

வீட்டின் பின்புறம் இரண்டு பெட்டிகளில் இந்தியத் தேனீ வளர்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பிப்ரவரியில் வெறுங்கையால் அடை கட்டிய மரச்சட்டத்தைத் தூக்கிப் பார்க்கும் அளவுக்குச் சாதுவாக இருந்தவை, மே மாதக் கடைசியிலிருந்து துணி காயப்போடப் போகிறவர்களைக்கூடத் துரத்துகின்றன என்றும், பக்கத்து வீட்டார் மருந்தடித்துக் கொன்றுவிடச் சொல்கிறார்கள் என்றும் சொல்கிறீர்கள்.

தயவுசெய்து மருந்தடிக்காதீர்கள். பகலில் அடித்தால் பெட்டிக்குள் இருப்பவைதான் சாகும். வெளியே போனவை திரும்பி வந்து, புக வீடில்லாமல் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். சீண்டப்பட்ட தேனீக்கள் விடும் அபாய வாசனை மற்றவற்றையும் கிளப்பிவிடும். அடையில் இருக்கும் தேன் விஷமாகி, அதைத் தின்ன வரும் அடுத்த தோட்டத்துத் தேனீக்களும் மடியும்.

மார்த்தாண்டம் பக்கத்தில் தேனீ வளர்ப்பு எங்கள் வீட்டுத் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்தியத் தேனீ காரணமில்லாமல் சீறுகிற இனம் அல்ல. நேற்றுவரை சாதுவாக இருந்த பெட்டி இன்று சீறுகிறது என்றால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அந்த மாற்றம் பெரும்பாலும் பெட்டியின் வாயிலில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் தினமும் மூடியைத் திறந்து தேடினால் கோபம் கூடும். அதோடு, அடிக்கடி தொந்தரவு செய்தால் இந்தியத் தேனீ பெட்டியையே விட்டுக் கூட்டமாக ஓடிவிடும்.

முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியது. துணிக்கொடியை வீட்டின் மறுபக்கம் மாற்றுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஆடு, மாடு, நாய் எதையும் பெட்டிக்கு அருகே கட்டிப்போடாதீர்கள். தேனீக்கள் கிளம்பினால் மனிதன் ஓடிவிடுவான், கயிற்றில் கிடக்கும் உயிர் என்ன செய்யும்? புல்வெட்டும் இயந்திரத்தைப் பெட்டிப் பக்கம் ஓட்ட வேண்டாம். அதன் அதிர்வும் புகையும் எந்தப் பெட்டியையும் உசுப்பிவிடும்.

அடுத்து, கொட்டுவது உங்கள் தேனீதானா என்று பாருங்கள். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. கொட்டிவிட்டுச் செத்துக் கிடக்கும் ஒன்றை எடுத்து, உங்கள் பெட்டி வாயிலில் இருப்பவற்றோடு ஒப்பிடுங்கள். இந்தியத் தேனீ ஒரு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கிடப்பது ஏறக்குறைய அதன் ஒன்றரை மடங்கு நீளம் இருந்தால் அது மலைத்தேனீ. அருகில் தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ உயரமான மரக்கிளையிலோ ஒற்றை அடையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பருந்து இடித்தாலும் பையன்கள் கல் எறிந்தாலும் கூட்டமாக இறங்கி வெகுதூரம் துரத்தும். பழி உங்கள் பெட்டிமேல் விழும். மலைத்தேனீ என்றால் நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம். தீயணைப்புத் துறைக்கோ பழகிய தேன் எடுப்பவருக்கோ சொல்லுங்கள்.

உங்கள் தேனீதான் என்றால், நீங்கள் சொல்லும் மாதமே பாதிப் பதிலைச் சொல்கிறது. நம் பக்கம் தேன் வரவு ரப்பரை நம்பியது. இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது, ஜனவரிக்குப் பிறகு, தளிரின் காம்பில் உள்ள சுரப்பிகளில் மதுரம், அதாவது தேனீ தேனாக்கும் இனிப்பு நீர், சுரக்கும். அந்த நாட்களில் தேனீக்கு யாரையும் ஏறிட்டுப் பார்க்க நேரம் கிடையாது. ஏப்ரலோடு அது ஓய்கிறது. மழை பிடித்துக்கொண்டால் பூவும் இல்லை, பறக்கவும் முடியாது. தேன் காலத்தில் பெருகிய அத்தனை பணித் தேனீக்களும் வேலையில்லாமல் பெட்டிக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும். வயதான பணித் தேனீதான் காவலுக்கு நிற்பது. காக்க வேண்டிய தேன் குறைவு, காவலர்கள் அதிகம். மழை இருட்டிய பகலில் பெட்டி சிடுசிடுப்பதில் வியப்பில்லை.

இந்தப் பஞ்ச காலத்தில்தான் திருட்டு தொடங்கும். பலமான பெட்டி பலவீனமான பெட்டியின் தேனைக் கொள்ளையிடுவதைச் சொல்கிறேன். உங்களிடம் இரண்டு பெட்டிகள் அருகருகே இருப்பதால் என் முதல் சந்தேகம் இதுதான்.

போன மழைக்காலத்தில் அருமனையிலிருந்து உறவுக்கார அண்ணன் ஒருவர் இதே புகாரோடு கூப்பிட்டார். நான் போனபோது காலை ஒன்பது மணி இருக்கும். பெட்டியைத் தொடவில்லை, பக்கவாட்டில் ஓர் ஓரமாகக் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிப்பலகையில் இரண்டு தேனீக்கள் காலோடு கால் பின்னி, ஒன்றை ஒன்று கொட்ட வயிற்றை வளைத்துக்கொண்டு உருண்டு கீழே விழுந்தன. எழுந்தது ஒன்றுதான். வாயிலுக்கு நேராக வராமல் இடமும் வலமுமாக ஆடியபடி சில தேனீக்கள் மூடியின் இடுக்கை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தன. உடம்பில் ரோமம் உதிர்ந்து எண்ணெய் தடவியதுபோலக் கறுத்துப் பளபளத்தன. வாயிலில் மெழுகுத் துகள் உதிர்ந்து கிடந்தது. மூடிய தேன் அறைகளைக் கடித்துக் கிழித்தால்தான் அப்படித் துகள் விழும். சுற்றிப் பார்த்தால், தேன் எடுத்த பாத்திரத்தையும் பழைய அடைகளையும் கழுவாமல் கிணற்றடியில் வைத்திருந்தார்கள். அந்த வாசனைக்கு ஊர்த் தேனீ எல்லாம் வந்து, அப்படியே பெட்டிக்குள்ளும் நுழைந்திருக்கிறது.

உங்கள் பெட்டியிலும் இந்த அடையாளங்களைத் தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: வெயில் அடிக்கும் பிற்பகலில் இளம் தேனீக்கள் வாயிலைப் பார்த்தபடி கூட்டமாக மிதந்து பறக்கும். அது வீட்டை அடையாளம் வைத்துக்கொள்ளும் பழக்கப் பறப்பு. அங்கே சண்டை இருக்காது, சிறிது நேரத்தில் அடங்கிவிடும். அதைத் திருட்டு என்று நினைத்துப் பதற வேண்டாம்.

திருட்டு என்றால், பொழுது சாய்ந்து தேனீக்கள் அடங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். இரண்டு பெட்டிகளின் வாயிலையும் ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு தேனீ மட்டும் நுழையும்படி மரத்துண்டு வைத்துக் குறுக்குங்கள். மூடி இடுக்கு, பலகை விரிசல் எல்லாவற்றையும் களிமண்ணால் அடையுங்கள். பெட்டியின் மேல் அடுக்கான தேன் அறை காலியாக இருந்தால் அதைத் தூக்கிவிடுங்கள். காக்க வேண்டிய இடம் குறையும். ஒரு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்த பாகைச் சிரட்டையில் ஊற்றி, தேனீ மூழ்காமலிருக்க நாலு ஈர்க்குச்சி போட்டு, பெட்டிக்கு உள்ளே வையுங்கள். இரண்டு பெட்டிக்கும் ஒரே இரவில் வைக்க வேண்டும். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தக் கூடாது, பகலில் வைக்கவே கூடாது. பசி தீர்ந்து, கொள்ளை நின்றால் பெரும்பாலான பெட்டிகள் சில நாட்களிலேயே பழைய குணத்துக்குத் திரும்பும்.

சண்டை இல்லை, ஆனால் காவல் தேனீக்கள் வாயிலில் நெருக்கி நின்று அலை அலையாக உடம்பை உதறுகின்றனவா? அப்படியானால் வானத்தைப் பாருங்கள். பெரிய குளவி, அதாவது கதண்டு, வாயிலுக்கு முன்னால் மிதந்து தேனீக்களைப் பிடித்துக்கொண்டு போகும். இந்தியத் தேனீ இதற்குச் சளைத்தது அல்ல. குளவி இறங்கினால் பந்தாக மொய்த்து, தன் உடல் சூட்டை ஏறக்குறைய 45 டிகிரிவரை ஏற்றி அதை வேகவைத்தே கொன்றுவிடும். ஆனாலும் நாள் முழுவதும் முற்றுகையில் இருக்கும் பெட்டி வருகிறவர் போகிறவர் எல்லோர்மீதும் பாயத்தான் செய்யும். வாயிலைக் குறுக்குங்கள், வரும் குளவிகளைப் பூப்பந்து மட்டையால் அடித்து வீழ்த்துங்கள். கூடு அருகில் இருந்தால் அதைத் தீயணைப்புத் துறையிடம் விட்டுவிடுங்கள். எறும்பும் தொல்லைதான்; அது ஏறாமலிருக்கப் பெட்டிக் கால்களுக்கு அடியில் வைத்த கிண்ணத்தில் தண்ணீர் வற்றியிருந்தால் நிரப்புங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். இராணி இல்லாத கூட்டம் எளிதில் எரிச்சலடையும். மூடியைத் தூக்கியதும் ஓலம் போல ஓர் இரைச்சல் நீண்டு கேட்கும். இராணியைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம், முட்டையைத் தேடுங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி சட்டத்தைச் சாய்த்தால் அறையின் அடியில் மெல்லிய வெள்ளை நூல்போல முட்டை நிற்கும். முட்டை மூன்று நாளில் பொரியும் என்பதால், அது இருந்தால் மூன்று நாட்களுக்குள் இராணி அங்கே இருந்தாள் என்று அர்த்தம். முட்டை இல்லையென்றால் மற்றப் பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள ஒரு சட்டத்தைக் கொடுங்கள், அவை தாமே இராணியை வளர்க்கும். ஒரே அறையில் தாறுமாறாகப் பல முட்டைகள் இருந்தால் பணித் தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன. அந்தக் கூட்டத்தைத் தனியாகக் காப்பாற்றப் பாடுபடுவதைவிட, இடையில் செய்தித்தாள் வைத்து மற்றக் கூட்டத்தோடு சேர்த்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

திறக்கும்போது வெயிலுள்ள காலை நேரமாகப் பாருங்கள். மேகமூட்டத்திலும் இடி முழங்கும்போதும் வேண்டாம். வெளிர்நிற உடையும் முகவலையும் கட்டாயம். வாயிலில் தேங்காய் நார்ப் புகையை இரண்டு மூன்று முறை விட்டு, ஒரு நிமிடம் பொறுத்துத் திறங்கள். கொட்டு விழுந்தால் அந்த இடத்தில் உடனே புகை பிடியுங்கள். கொடுக்கிலிருந்து வரும் அபாய வாசனை பழுத்த வாழைப்பழ மணம் கொண்டது, அந்த மணம் பட்ட இடத்தையே அடுத்தடுத்த தேனீக்கள் குறிவைக்கும். வாழைப்பழம் தின்றுவிட்டுப் பெட்டிப் பக்கம் போகாதீர்கள். போன முறை கொட்டு வாங்கிய சட்டையைத் துவைக்காமல் மறுபடி போடாதீர்கள்.

கொட்டினால் கொடுக்கை எப்படி எடுப்பது என்று யோசித்து நிற்காமல் நகத்தால் சுரண்டியோ பிடுங்கியோ அந்த நொடியே எடுங்கள். தோலில் தங்கும் நேரமெல்லாம் விஷப்பை உள்ளே விஷத்தைச் செலுத்திக்கொண்டே இருக்கும். கொட்டிய இடம் வீங்குவது இயல்பு. உடம்பு முழுக்கத் தடிப்பு, நாக்கிலோ தொண்டையிலோ வீக்கம், மூச்சுத் திணறல், தலைச்சுற்றல், இவற்றில் ஒன்று வந்தாலும் கைவைத்தியம் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். அதற்கு அட்ரினலின் ஊசி தேவைப்படும். ஒவ்வாமை இல்லாதவரானாலும் பல கொட்டுகள் விழுந்தால் மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

உங்கள் பக்கத்து வீட்டார் காணொளியில் பார்த்த ‘கொலைகாரத் தேனீ’யை நினைத்துப் பயப்படுகிறார்களோ என்னவோ. அது 1956-இல் ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசிலுக்குக் கொண்டுபோகப்பட்டு, மறு ஆண்டு தப்பிப் பரவி, 1990-இல் டெக்சாஸை எட்டிய கலப்பு. உங்கள் பெட்டியில் இருப்பது வேறு இனம். இதை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். பெட்டி வாயில் அவர்கள் பக்கம் பார்த்திருந்தால், அதற்கு முன்னால் ஆள் உயரத்துக்குச் செம்பருத்தி வேலியோ பச்சை வலையோ கட்டுங்கள். தேனீ வாயிலிலிருந்து மேலெழும்பிப் பறக்கும், நடக்கிறவர் முகத்தில் மோதாது.

எல்லாம் சரிசெய்து, மழை விட்டு, பூ வந்த பிறகும் ஒரு பெட்டி மட்டும் சீறினால் அது அந்தக் கூட்டத்தின் பிறவிக் குணம். அதைப் பிரித்துப் பெருக்காதீர்கள். அதன் இராணியை எடுத்துவிட்டு, சாதுவான பெட்டியில் உருவான இராணி அறையை, அதாவது புது இராணி வளரும் மெழுகு அறையை, கொடுங்கள். புது இராணி முட்டையிடத் தொடங்கிய பிறகு, பழைய பணித் தேனீக்கள் இறந்து அவளுடைய பிள்ளைகள் பெட்டியை நிரப்ப இரண்டு மாதம் பிடிக்கும். அதுவரை அந்தப் பெட்டியைச் சில கிலோமீட்டர் தள்ளி, ஆள் நடமாட்டம் இல்லாத ஏதாவதொரு ரப்பர்த் தோட்டத்தில் வைக்க இடம் கேளுங்கள். இரவில் வாயிலை வலையால் அடைத்து எடுத்துப் போக வேண்டும். நாலு வீடு தள்ளி வைத்தால் அத்தனை தேனீயும் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடும்.