மேகம் பஞ்சு உருண்டை போல வந்தால்

நீர்வண்ணத்தில் வரையும் மேகங்கள் பஞ்சை ஒட்டிவைத்த மாதிரி இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் காரணம் விளிம்புதான். வெயில் படும் மேல்பக்கத்தை மட்டும் கூர்மையாக விடுங்கள். மற்ற இடங்களில் வண்ணம் காய்வதற்குள் ஈரத் தூரிகையால் நீலத்தை இழுத்துக் கரைத்துவிடுங்கள். அடிப்பக்கச் சாம்பலுக்குக் கருப்பு வேண்டாம். அல்ட்ராமரின் நீலத்தில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு கலந்தால் அந்த நிறம் உயிரோடு வரும், எனக்கு மிகவும் பிடித்த கலவை. அப்புறம், தொடுவானத்தை நெருங்க நெருங்க மேகங்கள் சிறுத்துத் தட்டையாகும். அதை விட்டால் ஆழமே வராது.

நினைவிலிருந்து வரையாதீர்கள், பஞ்சு அங்கிருந்துதான் வருகிறது. ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822-இல் லண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட்டில் வானத்தை நேரில் பார்த்தே வரைந்தார். பல ஓவியங்களின் பின்னால் தேதி, நேரம், காற்று எல்லாம் குறித்திருக்கிறார். நீங்களும் தினம் பத்து நிமிடம் வெளியே உட்கார்ந்து வரைந்து பாருங்கள்.