ஏழாம் எண்ணும் இரண்டு தம்ளர் தண்ணீரும்

அன்புள்ள ஐயா,

அண்மையில் வெளியூர் போயிருந்தபோது ‘வெள்ளை முயல் சிவப்பு முயல்’ நாடகம் பார்த்தேன். ஒரே நடிகர். வந்தவர்களை வரிசையாக எண் சொல்லச் சொன்னார். எனக்கு ஏழு. பிறகு என்னைக் கூப்பிட்டு, ஒரு குப்பியைக் கொடுத்து, இரண்டு தம்ளர்களில் ஒன்றில் கொட்டிக் கலக்கச் சொன்னார். விஷமாம். கலக்கினேன். வீட்டுக்கு வந்தும் மனசு சரியில்லை, எரிச்சலாகவும் இருக்கிறது. அது விஷமில்லை என்று அரங்கில் எல்லோருக்கும் தெரியும். அப்புறம் இதில் அறச்சிக்கல் எங்கே வந்தது? வெறும் மேடை வித்தைதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முடிவை எழுதாமல் விட்டதற்கு நன்றி. நானும் சொல்லப் போவதில்லை. இனிமேல் பார்க்கப் போகிறவர்கள் திட்டுவார்கள்.

விஷமா சர்க்கரையா என்பதிலேயே நின்றுவிட்டீர்கள். எனக்கு நீங்கள் கலக்கிய அந்தக் கரண்டிதான் உறுத்துகிறது. கொடுத்தார்கள், வாங்கினீர்கள். ‘மாட்டேன்’ என்ற சொல் உங்கள் வாய்வரைக்கும் வந்ததா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இந்த நாடகத்தை எழுதிய நசீம் சுலைமான்பூர் ஈரான்காரர். அங்கே ஆண்களுக்குப் பட்டாளச் சேவை கட்டாயம். அவர் மாட்டேன் என்றார், பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. தான் போக முடியாத ஊர்களுக்குப் பிரதியை அனுப்பிவைத்தார். 2011இல் எடின்பரோவிலும் டொராண்டோவிலும் மேடையேறியது. இயக்குநர் கிடையாது, ஒத்திகை கிடையாது. ஒவ்வொரு நாளும் வேறு நடிகர். உறையைப் பிரித்து, நம் முன்னால்தான் முதல்முறை வாசிக்கிறார். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்திருக்குமே, அது ஆசிரியருக்கு. ஆக, உங்களிடம் குப்பியை நீட்டியவரும் ஏவல்காரர்தான். தாளில் இருந்ததை அவர் சொன்னார், நீங்கள் செய்தீர்கள். ஏவியவர் அரங்கிலேயே இல்லை. ‘மேலேயிருந்து சொல்லியிருக்காங்க’ என்று அலுவலகத்தில் தினமும் கேட்கிறோமே, அதே கதை.

இதற்கு நேர்மாறான ஒன்று 1974இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் நடந்தது. தன் உடலையே கலைப்பொருளாக்கி நிகழ்ச்சி நடத்தும் கலைஞர் மரினா அப்ரமோவிச் மேசையில் 72 பொருள்களைப் பரப்பினார். ரோஜா, தேன், கத்தரிக்கோல், துப்பாக்கி, ஒரு தோட்டா. என்மேல் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பொறுப்பு என்னுடையது என்று எழுதிவைத்துவிட்டு, 6 மணி நேரம் எதிர்க்காமல் நின்றார். முதலில் பூவைக் கொடுத்தவர்கள் நேரம் போகப்போக உடையை வெட்டினார்கள். தோட்டா போட்ட துப்பாக்கியும் அவர் பக்கம் திரும்பியது. நேரம் முடிந்து அவர் கூட்டத்தை நோக்கி நடந்ததும் எல்லோரும் ஓடிவிட்டார்கள்.

அங்கே யாரும் யாரையும் ஏவவில்லை. அதுதான் பயங்கரம் என்பார்கள். எனக்கு உங்கள் கரண்டிதான் அதைவிடப் பயம். கத்தரிக்கோலை எடுத்தவன் நானாக இருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடிகிறது. கரண்டியை வாங்கியிருப்பேன், நன்றாகக் கலக்கியும் இருப்பேன்.

நான் பார்த்த அன்று என் எண் 31. கூப்பிடவில்லை. அப்பாடா என்றிருந்தது. நடிகர் தம்ளரைக் கையில் எடுத்தபோது, இரண்டு வரிசைக்கு முன்னால் ஒரு பெண் பாதி எழுந்தார். மடியிலிருந்த கைப்பை கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார், பக்கத்திலிருந்தவரிடம் ‘சாரி’ என்றார், உட்கார்ந்துவிட்டார்.