பேலட்டோட (வாக்குச்சீட்டோட) அடிப்பக்கம் வரைக்கும் படிங்க: அமெரிக்க தேர்தல் சீசன் கேள்வி பதில்

2026 நவம்பர் 3 மிட்டெர்ம், அதாவது ஜனாதிபதி பதவிக்காலத்துக்கு நடுவுல வர்ற தேர்தல். காங்கிரஸ்ங்கற நாடாளுமன்றத்தோட கீழ்சபையான ஹவுஸ்ல 435 சீட்டும், மேல்சபையான செனட்ல மூணுல ஒரு பங்கும், 36 ஸ்டேட்ல கவர்னர் (நம்ம ஊர் முதலமைச்சர் மாதிரி) பதவியும் ஒரே நாள்ல. வந்த கேள்விகள்ல பாதி ட்ரம்ப் என்ன பண்ணுவார்ங்கறதுதான், அத டிவில நாள் பூரா பேசுறாங்க, நான் தொடல. நான் வர்ஜீனியால தேர்தல் அன்னைக்கு வாக்குச்சாவடில வேலை பாக்குறவ, அதனால எந்தக் கட்சிக்கு போடுங்கன்னும் சொல்ல மாட்டேன். யாரு கையில என்ன அதிகாரம் இருக்குங்கறத மட்டும் சொல்றேன், அதுலயே நம்மாளுங்களுக்கு நிறைய குழப்பம் இருக்கு.

கேள்வி (கொலம்பஸ், ஒஹையோ. பையன் வீட்டுக்கு வந்திருக்கிற கோயம்புத்தூர் ஐயா): அம்மா, இங்க கட்சித் தலைவர் யாருன்னே தெரியலயே. வேட்பாளருக்கு சீட்டு யாரு குடுக்குறாங்க?

யாருமே குடுக்குறதில்லீங்க ஐயா. ரிபப்ளிகன், டெமாக்ரட்னு ரெண்டு கட்சிக்கும் தேசிய கமிட்டி இருக்கு, அதுக்கு தலைவரும் இருக்காரு, ஆனா அவரால யாருக்கும் சீட்டு தரவும் முடியாது, பிடிக்காதவரை கட்சிய விட்டு நீக்கவும் முடியாது. பிரைமரின்னு ஒரு தேர்தல் முதல்ல நடக்கும், அதுல சாதாரண ஜனங்க ஓட்டு போட்டுத்தான் கட்சியோட வேட்பாளர் யாருன்னு முடிவாகுது, அத பெரும்பாலும் ஸ்டேட் கவர்மெண்ட்தான் தன்னோட சட்டப்படி, தன்னோட செலவுல நடத்துது. நீங்க இருக்கிற ஒஹையோவுலயே பாருங்க, விவேக் ராமசாமி கவர்னர் பதவிக்கு நிக்கிறார், ட்ரம்ப் ஆதரவு இருக்கு, ஸ்டேட் ரிபப்ளிகன் கட்சியும் 2025 மே மாசமே ஆதரவு சொல்லிடுச்சு, அப்படி இருந்தும் பிரைமரி வழியாத்தான் வந்தாகணும்.

பெரிய தலைவர் சொல்லிட்டா போதுமான்னா, போதாது. ஜார்ஜியால 2022ல ட்ரம்ப் அங்க கவர்னரா இருந்த பிரையன் கெம்ப்பை தோக்கடிக்கணும்னு டேவிட் பெர்டியூவ இறக்கினார், காரணம் 2020ல ஜார்ஜியா ரிசல்ட்ட மாத்த கெம்ப் ஒத்துக்கல. பிரைமரில கெம்ப் 70 சதவீதத்துக்கு மேல வாங்கி ஜெயிச்சார். அதே நாள்ல, ஸ்டேட்ல தேர்தல பாத்துக்கிற செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ப்ராட் ராஃபன்ஸ்பெர்கரும் ஜெயிச்சார், 11,780 ஓட்டு கண்டுபிடிச்சுக் குடுன்னு ட்ரம்ப் போன்ல கேட்டாரே, அவர்தான். ரெண்டு பேரும் பிரைமரி ஓட்டர்களோட ஆதரவுலதான் தப்பிச்சாங்கங்கறத கவனிக்கணும்.

கேள்வி (டல்லாஸ்): அக்கா, பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் தொகுதி மறுவரையறைன்னு படிச்சிருக்கேன். டெக்ஸஸ்ல 2025லயே மாத்திட்டாங்களே, இது எப்படி சட்டப்படி செல்லும்? எல்லா ஸ்டேட்டும் இத ஆரம்பிச்சா முடிவு எங்க?

இந்தக் கேள்விக்குத்தான் இந்த தடவ பெருசா பதில் சொல்லணும்னு நெனச்சேன். சென்சஸுக்கு அப்புறம் கண்டிப்பா மாத்தணும்னுதான் சட்டம், நடுவுல மாத்தக்கூடாதுன்னு தேசிய அளவுல எந்த தடையும் இல்ல. காங்கிரஸ் தொகுதி எல்லைய வரையுறது பெரும்பாலான ஸ்டேட்ல ஸ்டேட் லெஜிஸ்லேச்சர் (சட்டசபை)தான். கட்சி லாபத்துக்காக கோடு போட்டா ஃபெடரல் கோர்ட் (மத்திய அரசு கோர்ட்) தலையிட முடியாதுன்னு 2019ல ருச்சோ வழக்குல சுப்ரீம் கோர்ட்டே 5க்கு 4ன்னு சொல்லிடுச்சு. அப்புறம் யாரு தடுப்பா?

டெக்ஸஸ்ல என்ன நடந்துச்சுன்னா ரிபப்ளிகன்களுக்கு இன்னும் 5 சீட்டு கிடைக்கிற மாதிரி தொகுதி மேப் போடணும்னு வாஷிங்டன்ல இருந்து அழுத்தம், கவர்னர் அபட் சிறப்புக் கூட்டம் கூட்டினார், டெமாக்ரட் உறுப்பினர்கள் 50 பேருக்கு மேல ஸ்டேட்டையே விட்டு இல்லினாய்க்கும் மத்த எடத்துக்கும் போயிட்டாங்க, ஏன்னா 150 பேர் சபைல 100 பேர் இல்லாம எதையும் நிறைவேத்த முடியாது. ரெண்டு வாரம் தாக்குப்பிடிச்சாங்க. அப்புறம் திரும்பி வந்தாங்க, மேப் பாஸ் ஆச்சு. அதுக்கு பதிலடியா கலிஃபோர்னியா. அங்க கட்சி சார்பில்லாத கமிஷன்தான் எல்லை வரையுது, அத தற்காலிகமா ஒதுக்கிட்டு டெமாக்ரட்டுகளுக்கு 5 சீட்டு வர்ற மாதிரி மேப் போடலாமான்னு நவம்பர் 2025ல ஜனங்க கிட்டயே கேட்டாங்க, புரொபொசிஷன் 50, அதுவும் பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சுது. மிசௌரியும் நார்த் கரோலைனாவும் கூட வரிசைல சேந்துச்சு. ரெண்டு கட்சியும் பண்றாங்க, இல்லினாய் மேப்ப எடுத்துப் பாத்தா டெமாக்ரட் பக்கமும் கை சுத்தம் இல்லன்னு புரியும். எனக்கு ரெண்டுமே கோவம்தான், ஓட்டர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கணும், வேட்பாளர் ஓட்டரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

ஆனா இண்டியானாவ பாருங்க. அங்க ஸ்டேட் செனட்ல 50 பேர்ல 40 பேர் ரிபப்ளிகன். டெமாக்ரட் கையில இருக்கிற ரெண்டு காங்கிரஸ் சீட்டையும் எடுத்துடுற மாதிரி மேப் போடச் சொல்லி ட்ரம்ப் சொன்னார், வைஸ் பிரெசிடென்ட் வான்ஸ் நேர்லயே போய் பேசினார், ஒத்துக்காதவங்களுக்கு எதிரா பிரைமரில ஆள் நிறுத்துவோம்னு மிரட்டல், சில பேர் வீட்டுக்கு பொய்யான போலீஸ் கால் பண்ணி ஆயுதப் போலீஸ அனுப்பி வச்சாங்க. இவ்வளவுக்கும் நடுவுல டிசம்பர் 11, 2025 அன்னைக்கு ஓட்டெடுப்பு, 31க்கு 19ன்னு தோத்துப்போச்சு. எதிர்த்து ஓட்டு போட்டதுல 21 பேர் ரிபப்ளிகன், அதாவது அந்தக் கட்சி உறுப்பினர்கள்ல பாதிக்கு மேல. கட்சித் தாவல் சட்டம், கொறடா உத்தரவுன்னு எதுவும் இங்க கிடையாது, அதனால அவங்க பதவி உடனே போயிடாது, அடுத்த பிரைமரில ஜனங்க முன்னாடி நிக்கணும், அவ்வளவுதான். பேரே நமக்குத் தெரியாத ஸ்டேட் செனட்டர்கள் அவங்க. நாட்டோட ஜனாதிபதி சொன்னதுக்கு முடியாதுன்னு சொன்னாங்க. இத நான் ரொம்ப மதிக்கிறேன்.

டல்லாஸ்ல இருக்கீங்க, உங்க காங்கிரஸ் தொகுதி நம்பர் மாறியிருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம், பழைய நெனப்புல இருக்காம இப்பவே செக் பண்ணிடுங்க.

கேள்வி (மில்வாக்கி): ஃபெடரல் கோர்ட்டும் கைவிட்டா வேற வழியே இல்லையா?

உங்க ஸ்டேட்தான் அதுக்கு பதில். விஸ்கான்சின்ல 2018ல ஸ்டேட் அசெம்ப்ளிக்கு மொத்தமா எண்ணினா டெமாக்ரட்டுக்குத்தான் அதிக ஓட்டு, கிடைச்சது 99ல 36 சீட்டு. அப்படி ஒரு மேப். அங்க ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் நீதிபதியையும் ஜனங்கதான் தேர்ந்தெடுக்குறாங்க, 2023 ஏப்ரல்ல ஜேனட் புரோட்டசேவிச் ஜெயிச்சாங்க, கோர்ட்டோட பெரும்பான்மை மாறுச்சு, டிசம்பர்ல பழைய மேப் ரத்து, 2024ல புது மேப்ல டெமாக்ரட்டுக்கு 45 சீட்டு வந்துச்சு. ரிபப்ளிகன்கள்தான் இன்னமும் பெரும்பான்மை, ஆனா போட்டின்னு ஒண்ணு வந்திருக்கு. 2025ல அதே கோர்ட்டுக்கு இன்னொரு எலக்‌ஷன், எலான் மஸ்க் பணத்த கொட்டினார், ரெண்டு பக்கமும் சேத்து கிட்டத்தட்ட 10 கோடி டாலர் செலவு, ஒரு ஸ்டேட் நீதிபதி பதவிக்கு! மஸ்க் ஆதரிச்சவர் தோத்தார். ஏப்ரல் மாசம் நடக்குற எலக்‌ஷனுக்கு யாரு போவான்னு வீட்ல இருந்துடாதீங்க.

கேள்வி (எடிசன், நியூஜெர்சி): நான் எந்தக் கட்சிலயும் ரிஜிஸ்டர் பண்ணல. பிரைமரில ஓட்டு போட முடியுமா? எங்க ஊர்ல கவுன்ட்டி (மாவட்டம் மாதிரி) கட்சி சொல்றவர்தான் ஜெயிப்பார்னு சொல்றாங்களே.

முடியும். நியூஜெர்சில கட்சி சாராதவங்க பிரைமரி அன்னைக்கு போய் எந்தக் கட்சின்னு சொல்லி அந்த பேலட்ட வாங்கிக்கலாம், ஆனா அதுக்கப்புறம் அந்தக் கட்சில சேந்ததா பதிவாகிடும், வேணாம்னா திரும்ப மாத்திக்கலாம். பக்கத்துல நியூயார்க்லயும் பென்சில்வேனியாலயும் இது நடக்காது, முன்னாடியே கட்சில பதிவு பண்ணியிருக்கணும். வர்ஜீனியாவுலயும் டெக்ஸஸ்லயும் கட்சிப் பதிவுங்கறதே இல்ல. ஸ்டேட்டுக்கு ஸ்டேட் இவ்வளவு வித்தியாசம், வேற ஊர் ஃப்ரெண்ட் சொன்னத நம்பி இருந்துடாதீங்க.

ரெண்டாவது கேள்வி: முன்னாடி அது நெசம். 21 கவுன்ட்டில 19ல, கட்சி ஆதரிக்கிற ஆளுங்களோட பேரெல்லாம் ஒரே வரிசைல அழகா வரும், மத்தவங்க பேர் எங்கயோ ஓரத்துல கிடக்கும். அதுக்குப் பேரு கவுன்ட்டி லைன். 2024ல செனட் சீட்டுக்கு நின்ன ஆண்டி கிம் இத எதிர்த்து கேஸ் போட்டார், அவரை எதிர்த்து நின்னது அப்போதைய கவர்னரோட மனைவி டாமி மர்பி, பெரிய கவுன்ட்டி லைன் பலதும் அவங்களுக்குத்தான் கிடைச்சுது, கடைசில அவங்களே போட்டிய விட்டு விலகிட்டாங்க. மார்ச் மாசம் ஃபெடரல் நீதிபதி லைனுக்கு தடை போட்டார். 2025 பிரைமரி அந்த லைன் இல்லாமத்தான் நடந்துச்சு. கட்சிக்காரங்க ஆதரவு இன்னமும் பலம்தான், பேலட் டிசைன்லயே ஜெயிக்க வைக்குறது மட்டும் போச்சு.

கேள்வி: மூணாவது கட்சி ஏன் வரவே மாட்டேங்குது?

1992ல ராஸ் பெரோ கிட்டத்தட்ட 19 சதவீத ஓட்டு வாங்கினார், ஆனா ஜனாதிபதிய முடிவு பண்றது எலக்டோரல் ஓட்டு, ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் இத்தனைன்னு இருக்கு, பெரும்பாலும் அங்க முதல்ல வந்தவருக்கே மொத்தமும் போயிடும், அதுல அவருக்கு ஒண்ணு கூட இல்ல. இதுக்கு மேல சட்டம் வேற, பேலட்ல பேர் வரணும்னா ஒவ்வொரு ஸ்டேட்லயும் தனித்தனியா கையெழுத்து வாங்கணும், அந்த விதிய எழுதுறது இருக்கிற ரெண்டு கட்சிக்காரங்க.

கேள்வி (ஒமாஹா): எங்க ஊர் ஓட்டு மட்டும் தனியா எண்ணுவாங்களாமே, 2024ல அத மாத்தப் பாத்தாங்கன்னு கேள்விப்பட்டேன்.

ஆமா. நெப்ராஸ்காவும் மெயினும் மட்டும்தான் எலக்டோரல் ஓட்ட பிரிக்குது, ஸ்டேட் முழுக்க ஜெயிச்சவருக்கு 2, அப்புறம் ஒவ்வொரு காங்கிரஸ் தொகுதிக்கும் 1. நெப்ராஸ்கா பூரா ரிபப்ளிகன் பக்கம்னாலும் ஒமாஹா தொகுதி 2008, 2020, 2024ல டெமாக்ரட்டுக்குப் போச்சு. 2024 செப்டம்பர்ல, தேர்தலுக்கு கிட்டத்தட்ட ஒன்றரை மாசம் இருக்கிறப்போ, விதிய மாத்தி அஞ்சையும் ஒருத்தருக்கே குடுக்கணும்னு பெரிய முயற்சி, சவுத் கரோலைனா செனட்டர் லிண்ட்சி கிரஹாம் எல்லாம் ஸ்டேட் தலைநகர் லிங்கனுக்கு வந்து பேசினார். 49 பேர் இருக்கிற ஸ்டேட் சபைல, எதிர்க்கிறவங்க பேசிப் பேசியே இழுத்தடிக்கிற தடைய தாண்ட 33 ஓட்டு வேணும். மைக் மெக்டானல்னு ஒருத்தர், அந்த வருஷம்தான் டெமாக்ரட்ல இருந்து ரிபப்ளிகனுக்கு மாறினவர், தேர்தல் நெருங்குற நேரத்துல விதிய மாத்த மாட்டேன்னுட்டார். அதோட விஷயம் முடிஞ்சுது. புதுசா சேந்த கட்சி அப்போ அவர் மேல எவ்வளவு கோவப்பட்டிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

கேள்வி (பாஸ்டன்): தேசிய கமிட்டி ஸ்டேட்ட கட்டுப்படுத்தவே முடியாதா மேடம்?

ஜனாதிபதி வேட்பாளர் விஷயத்துல கொஞ்சம் முடியும், கட்சி மாநாட்டுல ஜனாதிபதி வேட்பாளருக்கு ஓட்டு போடுற டெலிகேட்டுகளோட கணக்கு அவங்க கையில. 2020ல ஐயோவா காகஸ்ல (கட்சிக்காரங்க கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்குற கூட்டம்) ஆப் சொதப்பி ரிசல்ட் நாள் கணக்கா வரல, அதுக்கப்புறம் டெமாக்ரட் கமிட்டி 2024க்கு சவுத் கரோலைனாதான் முதல்னு முடிவு பண்ணுச்சு. உங்க பக்கத்து நியூ ஹாம்ப்ஷயர்ல, நாங்கதான் முதல்ல நடத்தணும்னு ஸ்டேட் சட்டத்துலயே இருக்கு, அங்க கவர்மெண்ட்டோ ரிபப்ளிகன் கையில, அவங்க ஜனவரி 23க்கே நடத்திட்டாங்க. பைடன் தன்னோட பேர பேலட்ல பதிவு பண்ணல, ஜனங்க கையால எழுதி அவரை ஜெயிக்க வச்சாங்க. டெலிகேட்ட எண்ண மாட்டோம்னு சொன்ன கமிட்டி பின்னாடி சேத்துக்கிச்சு.

கேள்வி (சான் ஹோசே): அண்ணி ஹெச்1பி, நான் கிரீன் கார்டு. கட்சி வேலை பாக்கலாமா?

கவனமா படிங்க, இதுல தப்பு நடந்தா வாழ்க்கையே போயிடும். ஃபெடரல் தேர்தல்ல சிட்டிசன் இல்லாதவங்க ஓட்டு போடுறது குற்றம், நாட்ட விட்டே அனுப்பிடலாம். லைசென்ஸ் எடுக்கப் போறப்போ ஃபார்ம்ல ஓட்டர் ரிஜிஸ்ட்ரேஷன் கேள்வி வரும், அவசரத்துல டிக் அடிச்சுடாதீங்க, ரெண்டு பேருமே. நன்கொடை கிரீன் கார்டு இருந்தா குடுக்கலாம், ஹெச்1பில இருக்கிறவங்க குடுக்கவே கூடாது, உங்க பேர்ல அவங்க பணம் போறதும் தப்பு. சம்பளம் இல்லாம வாலன்டியரா கதவு தட்டுறது, போன் பண்றது ரெண்டு பேருமே செய்யலாம்.

கேள்வி (ஃபேர்ஃபேக்ஸ், வர்ஜீனியா): அக்கா, உண்மையச் சொல்லுங்க, ஸ்டேட் டெலிகேட் (ஸ்டேட் கீழ்சபை உறுப்பினர்) மாதிரி சின்ன பதவிக்கு என் ஒரு ஓட்டு எதையாவது மாத்துமா? யாரு என்னன்னே தெரியாம எப்படி போடுறது?

நம்ம ஸ்டேட்லயே நடந்துச்சு. 2017ல நியூபோர்ட் நியூஸ் பக்கம் 94வது தொகுதி, ஷெல்லி சைமண்ட்ஸ் டெமாக்ரட், டேவிட் யான்சி ரிபப்ளிகன். முதல் எண்ணிக்கைல யான்சி முன்னால, மறு எண்ணிக்கைல சைமண்ட்ஸ் ஒரே ஒரு ஓட்டுல முன்னால, அப்புறம் செல்லாததா ஒதுக்கி வச்ச ஒரு பேலட்ட மூணு நீதிபதிங்க பாத்து அது யான்சிக்குத்தான்னு சொன்னாங்க. ஆளுக்கு 11,608. ஜனவரி 4, 2018 அன்னைக்கு ரெண்டு பேரோட பேரையும் எழுதி பழைய ஃபிலிம் டப்பாவுல போட்டு ஒரு மண் கிண்ணத்துல இருந்து எடுத்தாங்க, யான்சி பேர் வந்துச்சு. அந்த ஒரு சீட்டுலதான் மொத்த சபையும் 51க்கு 49ன்னு ரிபப்ளிகன் கைக்குப் போச்சு. அந்த தேர்தல்ல சபை இவ்வளவு நெருக்கமா வந்ததனாலதான் வருஷக்கணக்கா நின்னுட்டிருந்த மெடிகெய்ட் (வருமானம் கம்மியா இருக்கிறவங்களுக்கான அரசு மருத்துவ காப்பீடு) விரிவாக்கம் அதே 2018ல பாஸ் ஆச்சு, லட்சக்கணக்கான பேருக்கு மருத்துவ காப்பீடு. அந்தத் தொகுதில மழைன்னோ ஆபீஸ்ன்னோ சொல்லி வீட்லயே இருந்தவங்கள நான் அடிக்கடி நெனச்சுப்பேன்.

யாருன்னு தெரியாம எப்படின்னா, ஸ்டேட் எலக்‌ஷன் டிபார்ட்மெண்ட் வெப்சைட்ல உங்க அட்ரஸ் குடுத்தா சாம்பிள் பேலட் வரும், பேப்பர்ல பிரின்ட் எடுத்துக்கோங்க. ஒரு நாளைக்கு ரெண்டு பேரா தேடிப் படிங்க, ஸ்கூல் போர்டு பேரையும் விட்டுடாதீங்க, நம்ம பிள்ளைங்க ஸ்கூல நடத்துறவங்க அவங்கதான். குறிச்சு வச்ச அந்த பேப்பர பூத்துக்குள்ள கொண்டு வரலாம், நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம், வெளில போறப்போ மறக்காம எடுத்துட்டு மட்டும் போங்க.