எதிர்த்துப் பேச ஆள் இருக்கிறாரா?

கேள்வி: கட்டுரைப் போட்டி ஒன்றில், பிடித்த தலைப்பை எடுத்துக்கொண்டு வாதம் செய்து எழுதச் சொன்னார்கள். ‘சமூக ஊடகங்களின் நன்மை தீமைகள்’ என்று எழுதினேன். பிழையே இல்லை, ஆனாலும் ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. எங்கே தவறினேன்?
– பி.காம். மாணவி, தென்காசி

பதில்: தலைப்பிலேயே தவறிவிட்டீர்கள் அம்மா. நன்மையும் உண்டு தீமையும் உண்டு என்றால் யார் உங்களிடம் சண்டைக்கு வரப்போகிறார்கள்? முன்னுரை, நன்மைகள், தீமைகள், முடிவுரை என்று பள்ளிக்கூடத்தில் பழக்கிவிட்ட சட்டகம் அது, மதிப்பெண்ணுக்கு ஆகும், வாதத்துக்கு ஆகாது. ‘பிளாஸ்டிக்கின் கேடுகள்’ கதையும் இதுதான், ‘பிளாஸ்டிக் வாழ்க’ என்று எழுத எதிரில் ஆளே இல்லை. நீங்கள் சொல்ல வருவதை ஒரே வாக்கியமாக வீட்டில் சொல்லிப் பாருங்கள். அப்பா பேப்பரை இறக்கிவிட்டு “அதெப்படி?” என்று கேட்டால் தலைப்பு கிடைத்துவிட்டது.

ஓர் உதாரணம். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். ‘விடியல் பயணத் திட்டம்’ என்று தலைப்பு வைத்தால் அரசு விளம்பரம் மாதிரிதான் வரும். ‘வருமானம் பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் இலவசமாகக் கொடுப்பதே சரி’ என்று எழுதுங்கள், உடனே நாலு பேர் எதிர்ப்பார்கள்.

அந்த நாலு பேரில் கெட்டிக்காரர் யாரோ, அவர் வாதத்தை அவரே எழுதியதுபோல் எழுத வேண்டும். ‘நல்ல சம்பளம் வாங்கும் பெண் சும்மா போகிறார், பக்கத்தில் கொத்து வேலைக்குப் போகிற ஆண் காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறார், இது என்ன நியாயம்?’ வலுவான கேள்விதான், நழுவாதீர்கள். பவணந்தி முனிவர் நன்னூலில் ஏழு வகை மதங்கள் (இங்கே மதம் என்றால் நூல் எழுதுகிறவரின் கொள்கை) சொல்கிறார், அதில் ஒன்று ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவு’, அதாவது எதிராளி சொல்வதை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது. தமிழில் பாடம் படித்த நமக்கு இது மட்டும் எப்படியோ மறந்துபோகிறது.

இனி களையுங்கள். காலை நேரக் கூட்டத்தில் கண்டக்டர் யாருடைய சம்பளத்தை விசாரிப்பார்? அட்டை கொடுக்கலாம் என்றால் அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும், அதை வாங்க அரை நாள் கூலியை விட்டுவிட்டு அலைவது யார் என்று பார்த்தால், இலவசம் உண்மையிலேயே தேவைப்படுகிற பெண்தான். ரேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்துக் குடும்பங்களைப் பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லோருக்கும் பொது என்ற முறையை விடவில்லை. பிரிக்கப் போனால் கோட்டுக்குக் கீழே இருக்கிறவர்களே விடுபட்டுப் போவார்கள் என்ற பயம் நியாயமானது. அப்புறம், வசதியான பெண்கள் எத்தனை பேர் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறார்கள்?

இவ்வளவு சொன்னாலும் கொத்து வேலைக்காரரின் கேள்விக்கு முழுப் பதில் வந்துவிடவில்லை, அதைக் கட்டுரையிலேயே ஒத்துக்கொள்ளுங்கள். சாதாரண பஸ்ஸே வராத கிராமத்துப் பெண்ணுக்கு இந்தத் திட்டத்தால் என்ன லாபம் என்பதையும்தான். ஒத்துக்கொள்கிறவரைத்தான் படிக்கிறவர் மேலே நம்புவார்.

சான்றுக்கு வாட்ஸ்அப்பில் வந்த புள்ளிவிவரம் வேண்டாம். மாநிலத் திட்டக்குழு இதைப் பற்றி ஆய்வு செய்திருக்கிறது, தேடிப் படியுங்கள். கூடவே உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் பத்துப் பெண்களிடம், மிச்சமான காசை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பத்துப் பேர் மாநிலம் ஆக மாட்டார்கள், ஆனால் அதில் ஒருவர் சொல்கிற பதில் உங்கள் முதல் பத்தியாகிவிடும்.

கேள்வி: கட்டுரையில் எத்தனை மேற்கோள், பழமொழி சேர்க்கலாம்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: பழமொழி அழகுக்குத்தான், அது சான்றாகாது. ‘ஊரோடு ஒத்துவாழ்’ என்பதற்கு எதிராகவும் ஒரு பழமொழி தேடினால் கிடைக்கும். ‘அறிஞர் ஒருவர் கூறியதுபோல்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அந்த அறிஞரை நானும் பல வருடமாகத் தேடுகிறேன்.

கேள்வி: நடுவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு அந்தப் பக்கமே எழுதலாமா?
– மாணவர், திருச்சி

பதில்: பட்டிமன்றத்தில் அணியை யாரோ பிரித்துக் கொடுக்கிறார்கள், கட்டுரையில் நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள். நம்பாததை எழுதினால் இரண்டாம் பக்கத்தில் மூச்சு வாங்கும். அதற்குப் பதில், எழுதி முடித்த பிறகு எதிரணிக்காக ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அது உங்கள் கட்டுரையைவிட நன்றாக வந்துவிட்டால் அணி மாறிவிடுங்கள். எனக்கு ஒரு தடவை அப்படி ஆகியிருக்கிறது, அதுவும் கட்டுரையைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி.